பி.டி. முதலாண்டு மாணவருக்கு எந்தக் கிரேக்கப் புதிய ஏற்பாடு?

ஜூன் மாதம் பி.டி. என்னும் இறையியல் பட்டப் படிப்புக்காகக் கல்லூரியில் சேரப் போகிறவர்கள் கையில் இப்போது ஒரு பட்டியல் இருக்கும். மருத்துவச் சான்று, ஆயரின் பரிந்துரைக் கடிதம், படுக்கை விரிப்பு, தட்டு, டம்ளர் என்று போகும் அந்தப் பட்டியலில் 'கிரேக்கப் புதிய ஏற்பாடு' என்ற வரியும் எங்காவது வரும். எந்தப் பதிப்பு, எந்த அளவு, அகராதி சேர்ந்ததா சேராததா என்பதெல்லாம் பெரும்பாலும் எழுதியிருக்காது. கடைக்குப் போனால் சிவப்பு அட்டை ஒன்று, நீல அட்டை ஒன்று, வரிக்கு வரி ஆங்கிலம் போட்டது ஒன்று என்று எடுத்து வைப்பார்கள். நான்கு வருடப் படிப்புக்கும், அதற்குப் பிறகு பிரசங்க மேசைக்கும் கூட வரப்போகும் புத்தகம் இது. ஆர அமரப் பார்த்து வாங்குவதே நல்லது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலாண்டுக்கு வாங்க வேண்டியது சிவப்பு அட்டை போட்ட யு.பி.எஸ். (ஐக்கிய வேதாகமச் சங்கங்கள்) ஐந்தாம் பதிப்பு, கிரேக்க-ஆங்கிலச் சிற்றகராதி சேர்த்துக் கட்டியது. நீல அட்டை போட்ட நெஸ்லே-ஆலந்து 28ஆம் பதிப்பு அதைவிட ஆழமான புத்தகம், ஆனால் அதற்கு ஓராண்டு பொறுக்கலாம். வரியிடை மொழிபெயர்ப்புப் பதிப்பை, அதாவது இன்டர்லீனியரை, இலவசமாகக் கிடைத்தாலும் முதலாண்டில் வகுப்பு மேசையில் வைக்காதீர்கள்.

சிவப்பும் நீலமும்

ஐக்கிய வேதாகமச் சங்கங்களுக்காக ஸ்டுட்கார்ட்டிலுள்ள ஜெர்மன் வேதாகமச் சங்கம் அச்சிடுவது யு.பி.எஸ். முதல் பதிப்பு 1966, ஐந்தாவது 2014. நெஸ்லே-ஆலந்தின் வரலாறு இன்னும் பழையது. 1898இல் எபர்ஹார்ட் நெஸ்லே தொடங்கியது, 28ஆம் பதிப்பு 2012இல் வந்தது. இரண்டிலும் கிரேக்க வாசகம் ஒன்றேதான். பத்தி பிரிப்பிலும் நிறுத்தற்குறிகளிலும் சிற்சில வேறுபாடு உண்டு, சொற்களில் இல்லை. பக்கத்து மாணவர் நீல அட்டை வைத்திருந்தால் நாம் பின்தங்கிவிட்டோம் என்ற கவலை வேண்டாம். அவர் வாசிப்பதும் நீங்கள் வாசிப்பதும் ஒரே ரோமர் நிருபம்.

வேறுபாடெல்லாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் பதிப்புகளில் பாடபேதம் பார்த்துப் பழகியவருக்கு இது புதிதல்ல. கைப்பிரதிக்குக் கைப்பிரதி மாறும் சொற்களை, எந்தப் பிரதியில் எப்படி இருக்கிறது என்று கீழே காட்டுவார்கள். யு.பி.எஸ். சுமார் 1,400 இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சான்றுகளை விரிவாக அடுக்குகிறது. பப்பிரசு என்னும் நாணல் தாள் பிரதிகள், பெரிய எழுத்துக் கைப்பிரதிகள், சிறிய எழுத்துக் கைப்பிரதிகள், பழைய மொழிபெயர்ப்புகள், சபைப் பிதாக்கள் என்று அது வரிசையாகப் போகும். நெஸ்லே-ஆலந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டுகிறது, ஆனால் சுருக்கெழுத்தில். ஒரு சொல்லுக்கு முன் சிறு வட்டம் இருந்தால் அந்தச் சொல் சில பிரதிகளில் இல்லை என்று பொருள். அரைவட்ட வளைவு இருந்தால் சொல் மாறியிருக்கிறது, சிலுவை போன்ற குறி இருந்தால் அந்த இடத்தில் சில பிரதிகள் ஏதோ சேர்க்கின்றன. குறிகளைக் கற்ற பிறகு இதைப்போல் வேகமான கருவி இல்லை. முதலாண்டில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும்போது, இந்தக் குறிகள் வாசகத்துக்கு நடுவில் நின்று கண்ணை இடறும். சொல்லின் பகுதியா, அச்சுப்பிழையா, குறியா என்று தெரியாமல் முழிப்பவர்கள் ஏராளம். யு.பி.எஸ். வாசகத்தில் பெரும்பாலும் சிறு எண்ணும் சிறு எழுத்தும்தான் இருக்கும். பக்கம் சுத்தமாக இருக்கிறது. பழைய ஏற்பாட்டு மேற்கோள்களைத் தடித்த எழுத்தில் காட்டுவதும் புதியவருக்குப் பெரிய உதவி.

அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து

யு.பி.எஸ்.ஸின் சிறப்பு, பாடபேதம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்து போட்டிருப்பது. தாங்கள் தேர்ந்த வாசகம் பற்றிப் பதிப்புக் குழுவுக்கு எவ்வளவு உறுதி என்பதை அது சொல்கிறது. ஏ என்றால் உறுதி, டி என்றால் மிகுந்த தயக்கம். மாணவர்கள் வழுக்குவதும் இங்கேதான். 'ஏ போட்டிருக்கிறது, ஆகவே இதுவே மூலம்' என்று வியாக்கியானக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ரோமர் 5:1ஐ எடுத்துக்கொள்வோம். தேவனோடு சமாதானம் 'பெற்றிருக்கிறோம்' என்பதா, 'பெற்றிருப்போமாக' என்பதா? கிரேக்கத்தில் வேறுபாடு ஒரே எழுத்து. 'எகொமென்' என்று குறில் ஒகரம் வந்தால் முதலாவது, 'எகோமென்' என்று நெடில் ஓகாரம் வந்தால் இரண்டாவது. ஐந்தாம் பதிப்பு குறிலைத் தேர்ந்து ஏ கொடுக்கிறது. ஆனால் கீழே சான்றுகளைப் பாருங்கள். மிகப் பழைய பெரிய கைப்பிரதிகளான சினாய், வத்திக்கான், அலெக்சாந்திரியக் கைப்பிரதிகள் மூன்றும் நெடிலின் பக்கம் நிற்கின்றன. சினாய்க்கும் வத்திக்கானுக்கும் மேலே ஒரு சிறு நட்சத்திரம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் எழுதியவர் கை என்று அதற்குப் பொருள். பிறகு ஒரு திருத்துநர் வந்து குறிலாக மாற்றினார் என்பதை எதிர்ப்பக்கச் சான்றுகளில் சிறு எண்ணோடு காட்டியிருப்பார்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டால் ஒரே கைப்பிரதி இரண்டு பக்கமும் சாட்சி சொல்வதுபோல் தெரிந்து குழம்பிப் போவோம்.

கைப்பிரதி பலம் அந்தப் பக்கம் இருக்கும்போது குழு ஏன் குறிலைத் தேர்ந்தது? பவுலின் வாதம் அந்த இடத்தில் நடந்து முடிந்ததைச் சொல்கிறது, அறிவுரையாக இல்லை. அக்காலத்தில் பேச்சில் ஒகர ஓகாரம் ஒரே மாதிரி ஒலித்தது. சொல்லச் சொல்ல எழுதிய நிருபம் இது, எழுதிய தெர்தியுவின் பெயர் 16:22இல் இருக்கிறது. காதில் விழுந்ததைக் கை மாற்றி எழுத முழு வாய்ப்பு உண்டு. இதே இடத்துக்கு மூன்றாம் பதிப்பில் சி கொடுத்திருந்தார்கள், நான்காம் பதிப்பில் ஏ ஆக உயர்ந்தது. இடையில் புதிதாக எந்தக் கைப்பிரதியும் கிடைத்து வழக்கைத் தீர்க்கவில்லை, குழுவின் எடைபோடுதல்தான் மாறியது. ஆகவே அந்த எழுத்து ஒரு குழுவின் கருத்து, அவ்வளவே. கட்டுரையில் அதை மேற்கோள் காட்டலாம், காரணத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். குழுவின் காரணங்களை விளக்கும் புரூஸ் மெட்ஸ்கரின் துணைநூல் கல்லூரி நூலகத்தில் இருக்கும். 1994இல் வந்த இரண்டாம் பதிப்பு நான்காம் யு.பி.எஸ்.ஸுக்காக எழுதப்பட்டது, எனவே ஐந்தாம் பதிப்பில் வாசகம் மாறிய பொது நிருபங்களில் (யாக்கோபு முதல் யூதா வரை) மட்டும் அதோடு ஒத்துப்போகாத இடங்கள் வரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை, முன்னுரை, தலைப்புகள், அகராதி எல்லாமே ஆங்கிலம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தமிழ் வழியில் படிக்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு படி. பல கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் வேதாகமச் சொல்லே நெருக்கமாக அமைந்திருக்கும்போது இது வீண் சுற்று. தடித்த நோட்டு ஒன்றைப் போட்டு, அகராதிச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை நீங்களே எழுதிக்கொண்டு வருவதுதான் இப்போதைக்கு வழி. அடுத்த குறை, பின்னாலுள்ள சிற்றகராதி பொருளை மட்டும் சொல்லும், எந்த வசனத்தில் எந்தப் பொருள் என்று பிரித்துக் காட்டாது. வகுப்பில் வாசிக்க அது போதும், வியாக்கியானக் கட்டுரைக்குப் போதாது. கட்டுரைக்கு நூலகத்திலுள்ள பெரிய அகராதியிடம்தான் போக வேண்டும்.

தலைப்புகளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பத்திக்கு மேலே ஆங்கிலத்தில் இருக்கும் தலைப்பு பதிப்பாளர் போட்டது. அதைப் பார்த்துவிட்டுக் கிரேக்கத்தை வாசித்தால், வாசித்தது புரிந்ததா, தலைப்பு புரிந்ததா என்று தெரியாமல் போய்விடும். ஒரு தாளால் மறைத்துக்கொண்டு வாசியுங்கள்.

கடையில் நின்றபடி செய்ய வேண்டிய சோதனை

அச்சு கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க யோவான் 10ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். 30ஆம் வசனத்தில் 'நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்' என்னும் இடத்தில் 'ஹென்' என்ற சொல் இருக்கிறது, 'ஒன்று' என்று பொருள். 38ஆம் வசனத்தில் 'பிதா என்னிலும்' என்னும் இடத்தில் 'என்' என்ற சொல், 'உள்ளே' என்று பொருள். இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. தலைக்கு மேலிருக்கும் கடுகளவு வளைவு வலப்பக்கம் திறந்திருந்தால் ஹகர ஒலி உண்டு, இடப்பக்கம் திறந்திருந்தால் இல்லை. ஒன்றில் கூடவே ஓர் அழுத்தக் குறியும் இருக்கும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் இந்த இரண்டையும் கண்ணைச் சுருக்காமல் பிரித்துப் பார்க்க முடிந்தால் அந்த அளவு உங்களுக்குப் போதும். முடியாவிட்டால் பெரிய எழுத்துப் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மாலை ஜெபத்துக்குப் பிறகு விடுதியில் படிக்கும்போது கண் இதைவிட மோசமாகத்தான் இருக்கும். அகராதி சேர்ந்ததும் சேராததும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதால் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பக்க எண்களை வேகமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு கட்டு விட்டுப்போனதும், தலைகீழாய்த் தைத்ததும் எந்த அச்சகத்திலும் நடக்கும். ரசீது இருக்கும்போதே மாற்றிக்கொள்வது எளிது. ஆனால் வசன எண் தாண்டுவதைப் பார்த்து குறைப்பிரதி என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். மத்தேயு 17இல் 20க்கு அடுத்து 22 வரும், அப்போஸ்தலர் 8இல் 36க்கு அடுத்து 38 வரும். விட்ட வசனம் அடிக்குறிப்பில் இருக்கும். மாற்கு 16:9 முதல் 20 வரையும், விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் பகுதியும் இரட்டை அடைப்புக்குறிக்குள் நிற்கும்.

நம் சபைகள் வாசிக்கும் தமிழ் வேதாகமமான பழைய திருப்புதல் 1871இல், ஹென்றி போவர் தலைமையிலான குழு முடித்தது. பிற்கால கைப்பிரதிகளையே பெரும்பாலும் சார்ந்த கிரேக்க வாசகத்தை அது பின்பற்றுகிறது. அதனால் 1 யோவான் 5:7இல் 'பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்' என்பது தமிழில் இருக்கும், உங்கள் புதிய புத்தகத்தின் வாசகத்தில் இருக்காது. பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்முவின் கிரேக்கப் பதிப்புகளில், 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. முதல் மாதத்தில் இதைப் பார்த்து மனம் கலங்கும் மாணவர் உண்டு. கலங்க வேண்டியதில்லை. திரித்துவ உபதேசம் இந்த ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை. அதே சமயம், விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பிரசங்கபீடத்தில் ஏறி 'இந்த வசனம் மூலத்தில் இல்லை' என்று அறிவிப்பதும் தகாது. காரணத்தைப் பொறுமையாய் விளக்க வேதபாட வகுப்பு இருக்கிறது.

கிரேக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் வேதாகமம் கட்டாயம் திறந்திருக்கட்டும். முடிந்தால் இரண்டு. பழைய திருப்புதலோடு 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபைகளும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தையும் வைத்துக்கொண்டால், இரண்டும் பிரியும் இடமே கிரேக்கத்தில் கவனமாய்ப் பார்க்க வேண்டிய இடம் என்று அடையாளம் தெரியும்.

கையாளும் முறை

தாள் மெல்லியது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும், திரவ ஹைலைட்டர் இரண்டு பக்கம் தாண்டும். எச்.பி. பென்சில் போதும், மெழுகுக் குச்சி ஹைலைட்டர் தாங்கும். புதுப் புத்தகத்தை நடுவில் பிளந்து திறக்காதீர்கள். மேசையில் முதுகை வைத்து, முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாறிமாறி அழுத்தித் திறந்து நடுவுக்கு வந்தால் தையல் நான்கு வருடமும் பிடிக்கும். சென்னைக் காற்றில் ஓரம் அலையலையாய் எழும்பும், அலமாரியில் நெருக்கி நிறுத்தி வைத்தால் குறையும்.

வரிகளுக்கு இடையே தமிழிலோ ஆங்கிலத்திலோ பொருள் எழுதுவதை முதல் நாளிலிருந்தே தவிர்க்க வேண்டும். இன்டர்லீனியரை வேண்டாம் என்பதற்கும் அதே காரணம்தான். கீழே பொருள் இருந்தால் கண் அங்கேதான் போகும், கிரேக்கம் வெறும் அலங்காரமாகிவிடும். அரைப்பருவத் தேர்வில் பொருள் இல்லாத வெறும் கிரேக்கம் முன்னால் வரும்போதுதான் ஒன்றும் ஏறவில்லை என்று தெரியும். குறிப்பை நோட்டில் எழுதுங்கள், புத்தகத்தின் ஓரத்தில் நோட்டுப் பக்க எண்ணை மட்டும் போடுங்கள்.

எழுத்துகளில் தமிழருக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் என்று குறில் நெடிலைத் தனித்தனி எழுத்தாகப் பார்ப்பது நமக்குப் பழக்கம், கிரேக்கத்திலும் அப்படியே. பாதகம், ஆங்கில எழுத்துச் சாயல். 'நியூ' ஆங்கில 'வி' போலவும், 'ரோ' ஆங்கில 'பி' போலவும், 'ஈட்டா' ஆங்கில 'என்' போலவும் தோன்றும். முதல் இரண்டு வாரம் இந்த மூன்றும்தான் வாசிப்பைக் கெடுக்கும். தினமும் ஐந்து வசனம் வாய்விட்டு வாசித்தால் போய்விடும்.

சொல்வளத்துக்குக் கணக்கு இப்படி. புதிய ஏற்பாட்டில் சுமார் 1,38,000 சொற்கள், அவற்றில் வெவ்வேறானவை 5,400 அளவில். ஐம்பது முறைக்கு மேல் வருபவை 310 சொச்சம்தான், ஆனால் மொத்த வாசகத்தில் ஐந்தில் நான்கு பங்கு அவையே. வாரம் 20 சொல் என்று பிடித்தால் பதினாறு வாரத்தில் முடியும். இதை முடித்தவருக்குத்தான் 'ரீடர்ஸ் எடிஷன்' பயன்படும். அதில் முப்பது முறையோ அதற்குக் குறைவாகவோ வரும் சொற்களுக்கு மட்டும் அடியில் பொருள் தந்திருக்கிறார்கள். மூன்றாம் வருடத்தில் ஒரு சுவிசேஷத்தை முழுதாய் வாசிக்க அது அருமையான பதிப்பு. முதலாண்டில் வாங்கினால் தெரியாத சொல்லுக்குக் குறிப்பு இருக்காது, பாடபேதமும் முழுதாய் இருக்காது.

பழைய பிரதி, கைப்பேசி, எபிரேயம்

மூத்த மாணவர்கள் விற்கும் பழைய பிரதி நல்ல வழி. 1975இன் மூன்றாம் பதிப்புக்கும் 1993இன் நான்காம் பதிப்புக்கும் வாசகம் ஒன்றே. ஐந்தாம் பதிப்பு மாறியது யாக்கோபு முதல் யூதா வரையுள்ள பொது நிருபங்களில் மட்டும், முப்பதுக்குச் சற்று மேற்பட்ட இடங்களில். யூதா 5இல் 'கர்த்தர்' இருந்த இடத்தில் 'இயேசு' வந்தது. 2 பேதுரு 3:10இன் கடைசியில், நம்மிடமுள்ள எந்தக் கிரேக்கக் கைப்பிரதியிலும் இல்லாத ஓர் 'இல்லை'யைப் பழைய மொழிபெயர்ப்புகளின் துணையோடு சேர்த்தார்கள். சுவிசேஷம் வாசிக்கும் வகுப்புக்கு நான்காம் பதிப்பு தாராளமாய்ப் போதும். பொது நிருபங்களில் கட்டுரை எழுதினால் நூலகப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள், பழைய பிரதியில் முந்தையவர் வரிகளுக்கிடையே பொருள் எழுதியிருந்தால் அது இன்டர்லீனியருக்குச் சமம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கைப்பேசியில், கேம்பிரிட்ஜ் டிண்டேல் ஹவுஸின் ஸ்டெப் பைபிள் இலவசம், சொல்லைத் தொட்டால் இலக்கணம் சொல்லும். வீட்டுப்பாடத்தை முதலில் கையால் செய்துவிட்டு, சரிபார்க்க மட்டும் அதைத் திறவுங்கள். பல செயலிகளில் வரும் இலவசக் கிரேக்கம், எஸ்.பி.எல். என்னும் அமெரிக்க வேதாகம ஆய்வுச் சங்கம் வெளியிட்ட 2010 பதிப்பு. அது நெஸ்லே-ஆலந்திலிருந்து 540க்கும் மேற்பட்ட இடங்களில் வேறுபடுகிறது. வகுப்பில் ஆசிரியர் வாசிப்பதும் உங்கள் திரையில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நெஸ்லே-ஆலந்தின் வாசகத்தை, பாடபேதக் குறிப்பு இல்லாமல், ஜெர்மன் வேதாகமச் சங்கமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

எபிரேயப் பழைய ஏற்பாட்டின் ஸ்டுட்கார்ட் பதிப்பை எபிரேய வகுப்பு தொடங்கும்வரை வாங்க வேண்டாம். அடிக்குறிப்பு முழுக்க லத்தீன் சுருக்கங்கள், உயிரொலியைக் காட்டும் புள்ளிகளோ மிக நுண்ணியவை. அதில் பெரிய அளவுப் பிரதியே வேண்டும், சிறிய அளவில் மிச்சமாகும் பணத்தைக் கண்ணுக்குச் செலவிட நேரும்.

சென்னையில் பார்க் டவுன் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்திலும் இந்திய வேதாகமச் சங்கக் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். இறக்குமதி நூல் என்பதால் எப்போதும் இருப்பில் இருக்கும் என்று சொல்ல முடியாது, மே முதல் வாரமே சொல்லி வைப்பது நல்லது. சேர்க்கை முடிந்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தோ, கல்லூரி அலுவலகம் வழியாகவோ கேட்டால் தள்ளுபடிக்கும் வாய்ப்பு உண்டு. வழியனுப்பும் கூட்டத்தில் என்ன பரிசு தரலாம் என்று உங்கள் ஆயரோ வாலிபர் சங்கமோ கேட்டால், தோல் அட்டை போட்ட இன்னொரு தமிழ் வேதாகமத்துக்குப் பதிலாக இந்தப் புத்தகத்தின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.